வடக்கே பனிப்புயல், இங்கே அடைமழை
பருவக்காற்றின் போக்கும் பாட்டாளிகள் அறிய வேண்டியவையும்

ஆண்டின் இறுதி மாதங்கள் நெருங்கியதும் தோட்டப் புறங்களில் எழும் முதற்கேள்வி, "இவ்வாண்டு மழை எப்படி?" என்பதாகும். விடியற்காலையில் மரம் வெட்ட முடியுமா, பெரட்டுக்குப் போனபின் வெறுங்கையோடு வீடு திரும்ப நேருமா, ஆற்றோரத்து வீடுகளில் வாழ்வோர் தட்டுமுட்டுப் பொருள்களை மேலே ஏற்றி வைக்க வேண்டுமா என்பனவெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. பாட்டாளியின் வருமானமும், சில வேளைகளில் குடும்பத்தாரின் உயிரும் இதனோடு பிணைந்துள்ளன.

நம் தோட்டத்தில் கொட்டும் மழைக்கு வித்திடும் காற்று, 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால், பனி உறைந்த சைபீரியச் சமவெளியில் பிறக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வடக்கே கடுங்குளிரும் பனிப்புயலும் மக்களை வாட்டும்போது இங்கே ஆறுகள் பெருக்கெடுக்கின்றன. அதே பருவத்தின் பிற்பகுதியில், எதிர்பாராத வெப்பம் வந்து நிலத்தை வறட்டுவதும் உண்டு. இவ்விரண்டும் எவ்வாறு நிகழ்கின்றன, அவற்றை முன்கூட்டி அறிவது எங்ஙனம், அறிந்தபின் செய்யத்தக்கது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

காற்று எங்கிருந்து வருகிறது?

வடக்கிலிருந்து வீசும் காற்றை நம் முன்னோர் வாடை என்றனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். காற்றின் திசையை வைத்தே மழையையும் குளிரையும் கணித்தவர்கள் அவர்கள். அந்த வாடைக்காற்றின் தாயகந்தான் சைபீரியா.

நவம்பர் முதல் மார்ச் வரை பூமியின் வடபகுதியில் சூரிய ஒளி சாய்வாக விழுகிறது, பகற்பொழுதும் குறுகிவிடுகிறது. சைபீரியாவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. குளிர்ந்த காற்று கனமானது. அது தரையோடு தங்கிக் குவிகிறது. குவியக் குவிய அங்கே காற்றழுத்தம் கூடுகிறது. நம் நாட்டில் காற்றழுத்தம் சுமார் 1,010 ஹெக்டோபாஸ்கல் என்னும் அளவில் இருக்கையில், சைபீரியாவில் அது 1,040க்கு மேலும் உயர்கிறது. ஊதிய பலூனின் வாயைத் திறந்தால் காற்று சீறிக்கொண்டு வெளியேறுவதைக் குழந்தைகளும் அறிவர். அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து அழுத்தம் குறைந்த இடத்திற்குக் காற்று ஓடுவது இயற்கை. அவ்வாறு வடக்கே குவிந்த குளிர்காற்று சீனாவைக் கடந்து, பூமி சுழல்வதனால் சற்றே திசை திரும்பி, வடகிழக்கிலிருந்து நம்மை நோக்கி வருகிறது. இதுவே வடகிழக்குப் பருவக்காற்று. மலாய் மொழியில் 'மூசிம் தெங்குஜோ' என வழங்குவதும் இக்காலமே. தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை தரும் காற்றும் இதன் உறவே ஆகும்.

இக்காற்று எந்நாளும் ஒரே சீராக வீசுவதில்லை. சைபீரியக் குளிர் திடீரென உடைத்துக்கொண்டு தெற்கே பாய்வதுண்டு. அதனை வானிலையறிஞர் 'குளிர் அலை' என்பர். ஒரு பருவத்தில் இத்தகைய அலைகள் பல தடவை வருகின்றன. ஒவ்வொன்றும் சில நாட்கள் நீடிக்கும். 2008ஆம் ஆண்டு ஜனவரியில் தென்சீனாவைப் பனிப்புயல் முடக்கியது. சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்ப இருந்த இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் குவாங்சோ இரயில் நிலையத்தில் தவித்து நின்றனர். 2016ஆம் ஆண்டு ஜனவரியில் அதே குவாங்சோவிலும், ஜப்பானின் ஒகினாவாத் தீவிலும் கூடப் பனி விழுந்தது. அத்தகைய குளிர் அலைகள் அங்கேயே ஓய்ந்துவிடுவதில்லை. ஓரிரு நாட்களில் அவற்றின் வேகம் தென்சீனக் கடலின் மீது உணரப்படுகிறது.

கடலைக் கடக்கும் காற்று

சைபீரியாவிலிருந்து புறப்படும் காற்று வறண்டது. வறண்ட காற்று எப்படி வெள்ளத்தைக் கொண்டுவரும் என்ற ஐயம் எழலாம். ஈரத்துணியைக் கொடியில் போட்டால் வறண்ட காற்று அதனை விரைவில் உலர்த்துகிறதன்றோ? துணியிலிருந்த நீர் காற்றுக்குள் போய்விட்டது. அதுபோலவே, வெதுவெதுப்பான தென்சீனக் கடலைக் கடக்கையில் இக்காற்று நீராவியை வாரி எடுத்துக்கொள்கிறது. கடல் எத்துணை வெப்பமாக இருக்கிறதோ, அத்துணை ஈரம் அதிற் சேரும்.

ஈரம் சுமந்த காற்று கிளந்தான், திரெங்கானு, பகாங், கிழக்கு ஜொகூர் ஆகியவற்றின் கரையை அடைந்து, நாட்டின் நடுவேயுள்ள மலைத்தொடரில் மோதி மேலெழுகிறது. மேலே குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. சாதாரண நாட்களில் மணிக்கு 20 முதல் 35 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, குளிர் அலை வரும்போது கிழக்குக் கரையில் 55 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டுகிறது. சரவா, சபா கரையோரங்களும் இப்பருவத்தில் பெருமழை பெறுகின்றன.

"100 மில்லிமீட்டர் மழை" என்று வானொலியில் கேட்கிறோம். அஃது எவ்வளவு? ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். அவ்வாறெனில், ஒரு ஹெக்டேர் ரப்பர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை என்பது 10 இலட்சம் லிட்டர் நீர். ஒரு தோட்டம் முழுமைக்கும், அதனைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளுக்கும் இக்கணக்கைப் பெருக்கிப் பார்த்தால், சிற்றோடை ஒன்று ஓரிரவில் ஆறாக மாறும் விந்தை விளங்கும்.

வரலாறு கூறும் பாடம்

1971ஆம் ஆண்டு ஜனவரியில் பகாங் மாநிலத்தின் பெரும்பகுதியும் கோலாலம்பூர் மாநகரமும் வெள்ளத்தில் மூழ்கின. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை அடுத்தடுத்து இரு பெருவெள்ளங்கள் தாக்கின. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடு துறந்தனர். முதல் வெள்ளம் வடிந்ததும் வீடு திரும்பித் துப்புரவு செய்தவர்கள், சில வாரங்களில் மீண்டும் வெளியேற நேர்ந்தது. 2014 டிசம்பரில் கிளந்தானிலும் பிற மாநிலங்களிலும் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்கினர். ரப்பர் மரங்கள் சூழ்ந்த கோலக் கிராய் வட்டாரம் அவ்வெள்ளத்தில் பட்ட துயரம் மிகப் பெரிது.

"வெள்ளம் கிழக்குக் கரைக்கே உரியது, மேற்குக் கரைக்கு அச்சமில்லை" என்பாருமுண்டு. இவ்வெண்ணத்தை 2021 டிசம்பர் பொய்யாக்கியது. தென்சீனக் கடலில் உருவான ஒரு தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் கடந்தபோது, சிலாங்கூரில் 17ஆம் நாள் தொடங்கிய மழை விடாது பெய்தது. ஷா ஆலம், உலு லங்காட் பகுதிகளில் மக்கள் கூரைகளின் மீது ஏறி நின்று உதவிக்குக் காத்திருந்தனர். அவ்வெள்ளத்தில் நாட்டில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அவ்வாறே, "நம் நாட்டிற்குச் சூறாவளி வாராது" என்பதும் முழு உண்மையன்று. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறோம். இங்கே பூமியின் சுழற்சி காற்றைச் சுழலச் செய்யும் ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே சூறாவளி உருவாதல் அரிது. அரிது என்றால் இல்லை என்று பொருளன்று. 1996ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் 'கிரெக்' என்னும் வெப்பமண்டலப் புயல் சபாவைத் தாக்க, கெனிங்காவ் வட்டாரத்தில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், போர்னியோவின் அருகே சுழன்றுகொண்டிருந்த காற்றும் வடக்கேயிருந்து வந்த குளிர் அலையும் கூடி 'வாமெய்' எனும் சூறாவளியை உருவாக்கின. நிலநடுக்கோட்டிற்கு 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உருவான அது, ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. அறிவியலார் வியந்து ஆராயும் நிகழ்ச்சியாக அஃது இன்றும் விளங்குகிறது.

பருவம் தவறிய வெப்பம்

பருவக்காற்றின் பிற்பகுதியில், அதாவது தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களிலும் அதன் பின்னரும், மழைமண்டலம் தெற்கே நகர்ந்துவிடுகிறது. அப்போது கெடா, பெர்லிஸ் போன்ற வடமாநிலங்களில் வறட்சி தொடங்குகிறது. இஃது ஆண்டுதோறும் நிகழ்வதே. சில ஆண்டுகளில் மட்டும் இவ்வறட்சி அளவு கடந்து கடும் வெப்பமாகிறது. அதற்குக் காரணம் பசிபிக் பெருங்கடலில் ஏற்படும் 'எல் நினோ' எனும் மாற்றமாகும்.

வழக்கமாகப் பசிபிக் கடலின் மேல் கிழக்கிலிருந்து மேற்கே காற்று வீசும். அது வெப்பமான கடல்நீரை நம் பக்கம் தள்ளிச் சேர்க்கும். அதனால் மேகமும் மழையும் இங்கே மிகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்காற்று தளர்ந்துவிடுகிறது. வெப்பநீர் கிழக்கே நகர, மேகக்கூட்டமும் அதனைப் பின்தொடர்கிறது. நம் வானம் வெளுத்துப் போகிறது. இதுவே எல் நினோ. இதற்கு நேர்மாறாக அக்காற்று வலுத்து, வெப்பநீர் நம் பக்கம் மிகுதியாகத் திரள்வது 'லா நினா'. அவ்வாண்டுகளில் மழை மிகும்.

1997ஆம் ஆண்டு எல் நினோவின்போது காட்டுத்தீயின் புகைமூட்டம் சரவாவைச் சூழ்ந்தது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்ட, செப்டம்பரில் அங்கே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1998 ஏப்ரலில், பெர்லிசில் உள்ள சுப்பிங்கில் வெப்பநிலை 40.1 டிகிரி செல்சியசைத் தொட்டது. கேமரன் மலையில் 1978 பிப்ரவரி முதல் நாள் பதிவான 7.8 டிகிரிக் குளிரையும் இதனோடு ஒப்பிட்டு நோக்கின், ஒரே நாட்டிற்குள் வானிலை எவ்வளவு வேறுபடும் என்பது புலனாகும்.

2016ஆம் ஆண்டு இவ்வகையில் நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டு ஜனவரியில் கிழக்காசியா பனியில் நடுங்கியது. ஏப்ரலில் பெர்லிஸ், கெடா மாநிலப் பள்ளிகள் வெப்பத்தின் கொடுமையால் மூடப்பட்டன. ஒன்று காற்றின் பாய்ச்சல். மற்றொன்று கடலின் வெப்பம். இரண்டும் வெவ்வேறு காரணங்களால் எழுபவை. ஆதலின் ஒரே பருவத்தில் அடுத்தடுத்து வருதல் கூடும். உலகமும் மெல்ல வெப்பமடைந்து வருகிறது. கருவிகள் கொண்டு அளந்த காலம் முதல் மிக வெப்பமான ஆண்டாக 2024 பதிவாயிற்று. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். வறட்சி வந்தால் கடும் வறட்சி, மழை வந்தால் கொட்டும் மழை என்னும் நிலைக்கு இதுவும் ஒரு காரணம்.

பால்மரமும் வானிலையும்

பால்மரம் வானிலையை நன்குணர்ந்த மரம். பட்டைக்குள் உள்ள பாற்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில் மிகுந்தும், வெயில் ஏற ஏறக் குறைந்தும் இருக்கும். இருட்டோடு எழுந்து மரம் வெட்டும் வழக்கத்திற்கு இதுவே காரணம். பட்டை நனைந்திருந்தாலோ பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் பட்டை மீது பரவி வீணாகும். வெட்டியபின் மழை வந்தால் மங்கில் சேர்ந்த பாலும் நீரோடு வழிந்துவிடும். ஈரம் நீடித்தால் வெட்டுப்பட்டையில் பூஞ்சை நோய் பற்றும். பட்டையில் கருங்கோடுகளோ, வெண்சாம்பல் படிந்தாற்போன்ற பூஞ்சையோ தென்பட்டால் உடனே கங்காணியிடம் தெரிவித்தல் வேண்டும். நோய் பற்றிய மரம் பல ஆண்டு வருமானத்தைக் கெடுத்துவிடும்.

மேற்குக் கரைத் தோட்டங்களில் இன்னொரு தொல்லை உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, மலாக்கா நீரிணையைக் கடந்து 'சுமத்ரா' எனும் புயற்காற்று வரிசை விடியுமுன்னோ காலையிலோ வந்து மோதுவதுண்டு. அது மரம் வெட்டும் நேரத்தில் வருவதால், கிளை முறிந்து விழும் ஆபத்து மிகுதி.

ஆண்டுத் தொடக்க வறட்சியில் மரம் இலையுதிர்க்கும். துளிர் விடும் வரை பால் குறையும். வெப்பம் நீடிக்குமாயின் அக்குறைவும் நீளும். ஆகவே மழைக்கால வேலையிழப்பை அடுத்து, இலையுதிர்கால வருமானக் குறைவும் தொடரும் என்பதை மனத்திற்கொண்டு, தீபாவளிக்கு முன்பிருந்தே சிறுதொகையேனும் ஒதுக்கி வைப்பது குடும்பத்திற்கு அரணாகும். மரங்களுக்கு மழைக்காப்பு கட்டுவது பற்றி நிருவாகத்துடன் தொழிற்சங்க வழியே முன்கூட்டிப் பேசுவதும் நலம்.

அறிவிப்பைப் புரிந்துகொள்ளுதல்

வானிலை ஆய்வுத்துறையின் அறிவிப்புகள் மூவகைப்படும். முதலாவது பருவ முன்னோட்டம். இவ்வாண்டு மழை வழக்கத்தைவிட மிகுமா, குறையுமா என்னும் போக்கை மட்டும் அது கூறும். எந்த நாள், எந்த ஊர் என்று கூறாது. இரண்டாவது, சில நாட்களுக்கான முன்னறிவிப்பு. தொடர்மழை எச்சரிக்கை இவ்வகையைச் சார்ந்தது. மஞ்சள் நிறம் 'வாஸ்பாடா', அதாவது விழிப்பாயிருங்கள். ஆரஞ்சு 'பூரோக்', நிலைமை மோசம். சிவப்பு 'பஹாயா', பேராபத்து. மூன்றாவது, இடிமழை எச்சரிக்கை. இது சில மணி நேரத்திற்கு மட்டும் உரியது.

ஆற்றின் நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசனத் துறை தனியே அறிவிக்கிறது. மழை நின்றுவிட்டது என்பதால் ஆறு தணிந்துவிட்டதாகக் கருதலாகாது. மலையில் பெய்த மழை கீழே வந்து சேரப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாளும் ஆகும். உங்கள் தோட்டத்தில் வெயில் அடிக்கையிலும் ஆறு உயர்ந்துகொண்டிருக்கலாம்.

கைப்பேசி வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் இவ்வறிவிப்புகளை நாள்தோறும் பார்த்து, வீட்டிலுள்ள முதியோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் எடுத்துரைப்பாராயின் அது பெருந்தொண்டாகும்.

மழைக்காலத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்துகள், பால்மாவு, கைவிளக்கு ஆகியவற்றை நீர் புகாத பையிலிட்டு எளிதில் எடுக்கும் இடத்தில் வையுங்கள்.

2. வெளியேறும்படி அதிகாரிகள் கூறினால் உடனே புறப்படுங்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் காவல் இருக்க எண்ணித் தங்கியவர்கள் இரவில் கூரையேற நேர்ந்ததுண்டு. பொருளை மீண்டும் வாங்கலாம்.

3. ஓடும் வெள்ளத்தில் இறங்காதீர்கள். முழங்காலை எட்டாத, 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரோட்டமே ஆளைத் தள்ளவல்லது. 60 சென்டிமீட்டர் நீர் காரையும் அடித்துச் செல்லும். பாலத்தின் மேல் நீர் ஓடும்போது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.

4. மின்னலைக் கண்டபின் 30 எண்ணுவதற்குள் இடியோசை கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கத்தியையும் வாளியையும் வைத்துவிட்டுக் கட்டடத்திற்குள் செல்லுங்கள். மரத்தடி பாதுகாப்பன்று. கடைசி இடியோசைக்குப் பின் அரைமணி நேரம் கழித்தே வெளியே வருதல் வேண்டும்.

5. வெள்ளம் வடிந்தபின் சேற்றில் வெறுங்காலோடு நடவாதீர்கள். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல், புண்ணின் வழியே உடலிற் புகும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் கண்டால் மருத்துவரிடம் வெள்ளநீரில் நடந்ததைச் சொல்லுங்கள்.

6. மழையால் வெட்டு நின்ற நாட்களில் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு மங்கில் தேங்கும் சிறிதளவு நீரிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

வெப்பகாலத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

மூன்று நாட்கள் தொடர்ந்து உச்ச வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் அது விழிப்பு நிலை. 37 முதல் 40 வரை இருந்தால் வெப்ப அலை. 40ஐத் தாண்டினால் கடும் வெப்ப அலை. இந்நாட்களில் மரம் வெட்டுவோரைவிட, வெளிக்காட்டில் புல் வெட்டுவோரும் மருந்து தெளிப்போரும் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகின்றனர். தாகம் எடுக்கும் வரை காத்திராமல், 20 நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு குவளை நீர் பருக வேண்டும். கடினமான வேலையைக் காலையிலேயே முடிப்பது நன்று.

தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் நிழலில் அமர்ந்து ஓய்வெடுக்க வேண்டும். உடன் வேலை செய்பவர் பிதற்றினாலோ, தடுமாறினாலோ, உடல் நெருப்பாகச் சுட்டாலோ அது வெப்பத்தாக்கு. அவரைச் சாராயம் குடித்தவர் என எண்ணி விட்டுவிடாதீர்கள். நிழலுக்குக் கொணர்ந்து, உடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீரூற்றி விசிறுங்கள். 999 என்னும் எண்ணை அழையுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

வேலையா, உயிரா என்னும் நெருக்கடி பாட்டாளிக்கு வரலாகாது. திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து உண்டென நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதனை நீக்க நடவடிக்கை எடுக்காதபோது, அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமையை இச்சட்டம் தொழிலாளிக்கு வழங்குகிறது. மின்னல் வெட்டும் நேரத்தில் நிரையை விட்டு ஒதுங்குவதைச் சோம்பல் என்று எவரும் கருதலாகாது. கங்காணிமாரும் கிராணிமாரும் இதனை உணர்ந்து, ஆட்களை அழைத்துக்கொள்ளும் இடத்தையும் அதற்கான அடையாள ஒலியையும் மழைக்காலத்திற்கு முன்பே முடிவு செய்து, எல்லார்க்கும் தெரிவித்துவிடுதல் முறையாகும்.

சைபீரியக் குளிரையோ பசிபிக் கடலின் வெப்பத்தையோ தடுக்கும் ஆற்றல் நமக்கில்லை. ஆனால் அவை புறப்பட்டு நம்மை வந்தடைவதற்குள் கிடைக்கும் ஓரிரு நாட்கள் நம் கையில் உள்ளன. அந்நாட்களில் ஓர் அறிவிப்பைக் கேட்டு, ஒரு பையை ஆயத்தம் செய்து, துணையின்றி வாழும் அண்டை வீட்டு முதியவரை நினைவிற் கொள்ளும் குடும்பம் வெள்ளத்திலும் வெப்பத்திலும் கலங்காது. இன்று மாலையே வீட்டில் அனைவரும் கூடி, வெள்ளம் வந்தால் எவ்வழியே வெளியேறுவது, யார் யாரைக் கைப்பிடித்துச் செல்வது என்பதைப் பேசி முடிவு செய்வீர்களாக.